சொல்லாத நோயும் சுமக்கும் தசையும்

நோய்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, பிறரிடம் சொல்லிக்கொள்ளக் கூடிய நோய். மற்றொன்று, சொல்லிக்கொள்ள இயலாத நோய். தலைவலி வந்தால் அண்டை வீட்டாரிடம் சொல்கிறோம். காய்ச்சல் வந்தால் உற்றார் வந்து விசாரித்துப் போகின்றனர். கால் முறிந்தவனைச் சுற்றித் திண்ணையில் ஒரு சபையே கூடிவிடுகிறது. ஆனால், இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் தன்னை அறியாமல் கசிந்துவிடுகிறது என்பதை ஒரு தாய் யாரிடம் சொல்லுவாள்? கணவனிடம் சொல்லக் கூசுவாள். மகளிடம் சொல்லத் தயங்குவாள். மருத்துவரிடம் சென்றாலும், இடுப்பு வலி என்றோ களைப்பு என்றோ சொல்லி, அதற்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவாள். நோய் அவளோடு வீட்டுக்கே வந்துவிடும்.

இத்தகைய ஒரு நோயைப் பற்றியும், அதற்கு வழி கண்ட ஆராய்ச்சியாளர் சிலரைப் பற்றியும் இங்கே கூற விரும்புகிறேன். மாணவர்களுக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். உடலைப் பற்றிய அறிவில் உயர்ந்த உறுப்பு, தாழ்ந்த உறுப்பு என்னும் பாகுபாடு இல்லை. மேலும், இந்நோயால் வருந்துவோர் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் அல்லர். நம் வீடுகளிலேயே தாயாராகவும் பாட்டியாராகவும் அத்தைமாராகவும் இருக்கிறார்கள்.

முதலில் உடலின் அமைப்பைப் பார்ப்போம். நம் இடுப்பு ஓர் எலும்பு வளையம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இடுப்பெலும்புகளும், பின்னால் முதுகெலும்பின் அடிப்பாகமும் சேர்ந்து இந்த வளையத்தை அமைக்கின்றன. வளையத்துக்கு மேலே வயிறு இருக்கிறது. கீழே எலும்பு ஏதும் இல்லை. அடியில்லாத பாத்திரம் போன்றது அது. அப்படியானால், உள்ளே இருக்கும் சிறுநீர்ப்பையும் மலக்குடலும், பெண்களுக்குக் கருப்பையும் கீழே சரிந்து விழாமல் எவ்வாறு நிற்கின்றன? முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வாலெலும்பு வரையில் கட்டப்பட்ட ஒரு தசைவிரிப்பே அவற்றைத் தாங்குகிறது. இதனை இடுப்புத் தளம் என்று கூறலாம்.

நம் வீடுகளில் குழந்தைக்குத் தூளி கட்டுவார்கள் அல்லவா? உத்தரத்திலிருந்து தொங்கும் கயிறும் வேண்டும். குழந்தையைத் தாங்கும் துணியும் வேண்டும். இடுப்பிலும் இவ்விரண்டும் உண்டு. உறுப்புகளை எலும்போடு பிணைத்து நிறுத்தும் நார்ப்பட்டைகள் கயிறு போன்றவை. அடியில் விரிந்திருக்கும் தசைத்தளம் துணி போன்றது. துணி உறுதியாக இருக்கும் வரையில் கயிற்றுக்கு அதிகச் சிரமம் இல்லை. துணி தளர்ந்துவிட்டால் சுமை முழுவதும் கயிற்றின்மேல் விழும். நாளடைவில் கயிறும் நைந்துபோகும்.

வால் உள்ள விலங்குகளில் இதே தசைகள் வாலை அசைக்கப் பயன்படுகின்றன. நான்கு கால்களால் நடக்கும் விலங்குக்குக் குடலின் சுமை வயிற்றுச் சுவரின்மேல் விழுகிறது. மனிதன் நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகு அச்சுமை இடுப்பின் அடிப்புறத்தை நோக்கி இறங்கிற்று. வால் மறைந்தது, வாலை ஆட்டிய தசை சுமை தாங்கும் தசையாயிற்று. இரண்டு கால்களில் நிமிர்ந்து நிற்கும் பெருமைக்கு நாம் கொடுக்கும் விலைகளுள் இதுவும் ஒன்று.

தாங்குவதோடு இத்தசைகளின் வேலை முடிந்துவிடுவதில்லை. நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சிறுநீரைப் பிரித்தெடுக்கின்றன. அது சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. 300 முதல் 500 மில்லிலிட்டர் வரையில் அப்பை கொள்ளும். நிறையும்போது பையின் சுவர் தளர்ந்து இடம் கொடுக்கிறது. அதன் வாயிலில் உள்ள சுருக்குத் தசை இறுகி மூடிக்கொள்கிறது. இடுப்புத் தளமும் அந்த மூடலுக்குத் துணை நிற்கிறது. வெளியேற்ற வேண்டிய வேளையில், மூளையின் கட்டளைப்படி தளம் தளர்கிறது. பையின் சுவர் சுருங்குகிறது. இருமும்போது என்ன நிகழ்கிறது? வயிற்றினுள் அழுத்தம் திடீரென்று உயர்ந்து சிறுநீர்ப்பையை மேலிருந்து அமுக்குகிறது. அதே கணத்தில் இடுப்புத் தளமும் இறுகிக் கொடுத்தால் ஒரு சொட்டும் கசியாது. தளம் நலிந்திருந்தால் கசிந்துவிடும்.

இதிலிருந்து நோயின் வகைகளும் விளங்கும். இருமினாலும், சிரித்தாலும், பாரம் தூக்கினாலும் கசிவது ஒரு வகை. இதற்குக் காரணம் பெரும்பாலும் தளத்தின் நலிவு. சிறுநீர் கழிக்கும் உணர்ச்சி திடீரென்று எழுந்து, குளியலறையை அடைவதற்குள் கசிந்துவிடுவது மற்றொரு வகை. இதில் பையின் சுவரே காலமல்லாக் காலத்தில் சுருங்கிவிடுகிறது. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. நார்ப்பட்டைகளும் தளமும் மிகத் தளர்ந்துபோனால் கருப்பையே தன் இடத்தை விட்டுக் கீழே இறங்கத் தொடங்கும். கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று நம் ஊர்களில் தணிந்த குரலில் பேசிக்கொள்வது இதைத்தான்.

காரணங்கள் பல. நீண்ட நேரம் நீடிக்கும் பிரசவம் முதற்காரணம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் டிலான்ஸி என்னும் மருத்துவர், 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், காந்தப் படக் கருவியைக் கொண்டு இத்தசைகளைப் படம் எடுத்துப் பார்த்தார். முதற் குழந்தையை இயற்கையாகப் பெற்ற 160 பெண்களுள் ஐவரில் ஒருவருக்குத் தசையில் சேதம் காணப்பட்டது. பிள்ளை பெறாத 80 பெண்களுள் ஒருவருக்கும் அச்சேதம் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் தளர்ச்சி வெறும் அலுப்பன்று, தசைக்கு நேர்ந்த காயமாகவும் இருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று. இதனோடு ஓயாத இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், பாரம் சுமத்தல், மாதவிடாய் நின்றபின் தசையும் நாரும் மெலிதல் ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. ஆண்களுக்கும் இத்தொல்லை உண்டு. புரோஸ்டேட் சுரப்பியை அறுவை செய்து நீக்கிய பின் பலருக்குச் சிலகாலம் சிறுநீர் கசிவதைக் காணலாம்.

இவ்வளவு பரவலான நோய் ஏன் நெடுங்காலம் கவனிப்பாரற்று இருந்தது? மருத்துவர்கள் கேட்கவில்லை; நோயாளிகள் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், டாக்டர் அபய் பங் என்னும் தம்பதியர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, அதன் முடிவுகளை 1989-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். அப்பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்குப் பெண்களுக்கே உரிய நோய்களுள் ஒன்றோ பலவோ இருந்தன. அதற்கு முன் அந்நோய்களுக்காக மருத்துவரால் பரிசோதிக்கப் பெற்றவர்களோ நூற்றுக்கு எட்டுப் பேரே. உலக மருத்துவர்கள் அதுவரையில் கிராமப் பெண்ணைப் பிள்ளை பெறுபவளாக மட்டுமே கண்டு வந்தார்கள். பிள்ளை பெற்றபின் அவள் உடல் என்ன ஆயிற்று என்ற கேள்வி அப்போதுதான் வலுவாக எழுந்தது.

சொல்வதற்கு ஒரு செவி வேண்டும். அந்தச் செவியும் பெண்ணின் செவியாக இருந்தால் சொல்வது எளிது. 1875-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பயின்ற மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலப் பெண்மணி இதை உணர்ந்தார். ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதைக் காட்டிலும் உயிரை விடுவதே மேல் என்று எண்ணிய பெண்கள் அக்காலத்துச் சென்னையில் இருந்தார்கள். அவர்களுக்காக 1885-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய மருத்துவமனையே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக விளங்குகிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1886-இல், புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். தந்தையார் நாராயணசாமி அய்யர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். அக்கல்லூரியில் ஒரு பெண் சேருவதா என்று எழுந்த எதிர்ப்பை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஏற்கவில்லை, அனுமதி அளித்தார். அங்கே படித்து முடித்த முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912-ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் அடையாற்றில் அவர் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையை யாவரும் அறிவர். அவர் இடுப்புத் தளத்தை ஆராய்ந்தவர் அல்லர். ஆயினும், பெண்கள் தம் உடம்பின் துன்பத்தைக் கூசாமல் எடுத்துச் சொல்லக்கூடிய மருத்துவர்களின் வரிசை இந்நாட்டில் நீண்டு வளர்ந்ததற்கு அவர் போன்றோரே வழி திறந்தனர். சொல் வெளியே வந்த பிறகுதான் ஆராய்ச்சி தொடங்க முடியும்.

அவ்வாறு தொடங்கிய ஆராய்ச்சியில் இந்தியர் ஒருவருக்குச் சிறப்பான இடம் உண்டு. அவர் டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர். 1899-ஆம் ஆண்டில் கோவாவில் ஷிரோடா என்னும் ஊரில் பிறந்தவர். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1927-இல் மகப்பேற்று மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்று, 1931-இல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் கழகத்தில் உறுப்பினராகி, பின்னர் தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராக விளங்கினார்.

அவர் காலத்தில் கருப்பை இறக்கத்துக்கு மேல்நாட்டில் இரண்டு வழிகள் வழக்கில் இருந்தன. கருப்பையையே எடுத்துவிடுவது ஒன்று. கருப்பையின் கழுத்துப் பகுதியை வெட்டிக் குறைத்துப் பக்கத்து நார்களை இழுத்துக் கட்டுவது மற்றொன்று. மான்செஸ்டர் நகரத்து மருத்துவர்கள் வகுத்த முறை இது. வயது முதிர்ந்த பெண்களுக்கு இவை பொருந்தும். ஆனால் நம் நாட்டில் இருபது, இருபத்தைந்து வயதிலேயே கருப்பை இறங்கிய பெண்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். பிள்ளை பெறாத பெண்கள் சிலருக்கும் நார்ப்பட்டைகளின் பிறவி நலிவால் இந்நோய் வந்தது. இவர்களுக்குக் கருப்பையை எடுத்துவிட்டால் தாய்மைக்கு இடமில்லை. கழுத்தை வெட்டினாலோ கரு தங்காமல் போகலாம். மலடி என்ற ஒரு சொல் பெண்ணின் வாழ்வையே குலைத்துவிடும் சமுதாயத்தில், நோயைத் தீர்க்கும் மருத்துவமே இன்னொரு துன்பத்தைத் தந்துவிடக் கூடாது அல்லவா?

ஷிரோட்கர் இதற்கு விடை தேடினார். கருப்பையின் கழுத்தை வெட்டாமல், அதற்குப் பின்புறமுள்ள நார்ப்பட்டைகளை முன்னே கொணர்ந்து பிணைத்துத் தூக்கி நிறுத்தும் முறையை வகுத்தார். நார்ப்பட்டைகளே நலிந்துபோன பெண்களுக்கு வேறொரு வழி கண்டார். தொடையின் பக்கத்தில் தசையைப் போர்த்தியிருக்கும் உறுதியான ஒரு சவ்வு உண்டு. அதிலிருந்து ஒரு பட்டையை எடுத்து, அதன் ஒரு முனையைக் கருப்பைக் கழுத்தின் பின்புறத்திலும், மறு முனையை முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பிலும் பொருத்தினார். நைந்துபோன தூளிக்குப் புதிய கயிறு கட்டியது போன்ற செயல் அது. கருப்பை தன் இடத்தில் நின்றது. அப்பெண் பின்னர் தாயாகவும் முடிந்தது.

அதே கை வேறொரு துயரையும் தீர்த்தது. சில பெண்களுக்குக் கருப்பையின் வாய் வலுவின்றி, நான்காம் ஐந்தாம் மாதத்தில் தானே திறந்துகொண்டு கரு நழுவிவிடும். அந்த வாயைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டிப் பேறு காலம் வரையில் மூடி வைக்கும் முறையை ஷிரோட்கர் கண்டார். அதனை உலகுக்கு அவர் முதலில் அறிவித்தது 1955-ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வெளிவந்த 'ஆண்டிசெப்டிக்' என்னும் மருத்துவ இதழில். ஷிரோட்கர் தையல் என்ற பெயருடன் அது உலக மருத்துவமனைகளில் இன்றும் வழங்குகிறது. 1960-இல் பத்ம பூஷண் விருதும், அவர் மறைந்த 1971-ஆம் ஆண்டில் பத்ம விபூஷண் விருதும் அவருக்கு வழங்கப்பட்டன.

கத்தியின்றித் தீர்க்கும் வழியைக் கண்டவர் மற்றொருவர். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பணியாற்றிய டாக்டர் ஆர்னால்டு கீகல், அறுவை செய்துகொண்ட பெண்களுள் சிலருக்கு மீண்டும் சிறுநீர் கசிவதைக் கண்டார். தளர்ந்த தசையை இழுத்துத் தைத்தால் மட்டும் போதுமா? கை மெலிந்தவனுக்குப் பயிற்சியால் வலுவூட்டுகிறோம். இந்தத் தசைக்கு ஏன் பயிற்சி கூடாது? இந்தக் கேள்வி எளியது. ஆனால் ஓர் இடையூறு இருந்தது. கையை மடக்கு என்றால் மடக்கலாம். கண்ணுக்குத் தெரியாத தசையை இறுக்கு என்றால் எதை இறுக்குவது? பலர் வயிற்றையோ தொடையையோ இறுக்கிக்கொண்டு ஏமாந்தனர். ஆகவே கீகல் ஒரு சிறிய கருவி செய்தார். காற்று நிறைந்த ஒரு குழலும், அதனோடு இணைந்த அழுத்தமானியும் சேர்ந்தது அது. சரியான தசையை இறுக்கினால் முள் உயரும். தவறான தசையை இறுக்கினால் அசையாது. நோயாளியே தன் கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளலாம். நாளுக்கு நாள் முள் உயர்வதைக் காணும்போது நம்பிக்கையும் உயரும். 1948-ஆம் ஆண்டில் கீகல் இம்முறையை வெளியிட்டார். ஒரு நோயை அளக்கக் கற்றுக்கொண்டவுடன் அதைத் தீர்க்கவும் வழி பிறக்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஒரு மருத்துவர் சொன்னார் என்பதற்காக அறிவியல் உலகம் எதையும் ஏற்றுக்கொண்டுவிடாது. நார்வே நாட்டைச் சேர்ந்த உடலியக்க மருத்துவ அறிஞர் காரி போ என்பவரும் அவருடைய துணைவர்களும், சிறுநீர்க் கசிவு உள்ள 107 பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் சோதித்தனர். ஒரு குழுவுக்குத் தசைப் பயிற்சி, ஒன்றுக்கு மின்தூண்டல், ஒன்றுக்கு எடைக் கூம்புகள், ஒன்றுக்குச் சிகிச்சை இல்லை. தசைப் பயிற்சி செய்தோரே மற்றவர்களைக் காட்டிலும் மிகுந்த பயன் அடைந்தனர். இம்முடிவு 1999-இல் வெளியாயிற்று.

அப்பயிற்சிக்குப் பணச் செலவு இல்லை. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதற்கு எந்தத் தசையை இறுக்குகிறோமோ, அதனை மூச்சை அடக்காமல், வயிற்றையும் தொடையையும் இறுக்காமல், மெல்ல மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு விநாடி வரை நிறுத்திப் பின்னர் முற்றிலும் தளர்த்த வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்தால் ஒரு சுற்று. நாளொன்றுக்கு மூன்று சுற்று. தசை வலுப்பெறக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். நான்கு நாள் செய்து பயனில்லை என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது தவறான வழக்கம்; பை முழுவதும் காலியாகாமல் போக அது இடமளிக்கும். சிறுநீரில் இரத்தம், காய்ச்சல், கடுமையான வலி ஆகியவை இருந்தால் பயிற்சியை நம்பியிராமல் உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

இத்துறையின் வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒரு நிழலும் உண்டு. பிரசவம் நாட்கணக்கில் தடைபட்டு நின்றால், குழந்தையின் தலை அழுத்திய இடத்தில் திசு செத்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே துளை விழுந்துவிடும். பிறகு சிறுநீர் இரவும் பகலும் ஒழுகும். இத்துளையைத் தைக்கும் முறையை அமெரிக்காவில் மாரியன் சிம்ஸ் என்னும் மருத்துவர் 1840-களில் பழகிக் கண்டார். அவர் பழகியது அடிமைப் பெண்களின் உடலில், மயக்கமருந்து இன்றி. அனார்க்கா, பெட்சி, லூசி என்ற மூவர் பெயர் மட்டும் நமக்குத் தெரிகின்றன. அனார்க்காவுக்கு ஏறத்தாழ முப்பது முறை அறுவை நடந்தது. வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. நியூயார்க் நகரப் பூங்காவில் இருந்த சிம்ஸின் சிலை 2018-ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. இதற்கு மாறாக, ஆஸ்திரேலியாவிலிருந்து 1959-இல் எத்தியோப்பியாவுக்குச் சென்ற கேதரின் ஹாம்லின், ரெஜினால்டு ஹாம்லின் தம்பதியர், இதே நோயால் ஊராரால் ஒதுக்கப்பட்ட ஏழைப் பெண்களுக்கென்று அடிஸ் அபாபாவில் தனி மருத்துவமனை கண்டனர். கேதரின் அம்மையார் 2020-இல் மறையும்வரை அந்நாட்டிலேயே வாழ்ந்தார். ஒரே நோய், ஒரே அறுவை, நோயாளியை மதித்த முறையில்தான் எத்தனை வேறுபாடு!

எச்சரிக்கையாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 1990-களில் ஸ்வீடனைச் சேர்ந்த உல்ஃப் உல்ம்ஸ்டன், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் பெட்ரோஸ் என்னும் இருவர் ஆராய்ச்சியால், சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் செயற்கை இழையால் ஆன ஒரு நாடாவைப் பொருத்தும் எளிய அறுவை பரவிற்று. பலருக்கு நலம் தந்தது. அதே செயற்கை இழையைப் பெரிய வலைகளாக நெய்து, உறுப்பு இறக்கத்துக்கும் பிறப்புவழியாகப் பொருத்தத் தொடங்கினார்கள். சில பெண்களுக்கு அவ்வலை உள்ளே அரித்துத் தீராத வலியைத் தந்தது. அவர்கள் வாய் திறந்து முறையிட்டதன் பின், 2019-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இறக்கத்துக்கான அவ்வலைகளின் விற்பனையை நிறுத்தியது. நோயாளியின் சொல் ஆராய்ச்சியின் தொடக்கத்தில் மட்டுமின்றி அதன் முடிவிலும் வேண்டும்.

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1981-ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பகுதியில் சுந்தரி ரவீந்திரன் அவர்களும் உள்ளூர்ப் பெண்களும் சேர்ந்து, 'ரூவ்செக்' என்று சுருக்கமாக வழங்கும் ஊரகப் பெண்கள் அமைப்பைத் தோற்றுவித்தார்கள். கருப்பை இறக்கத்தைத் தாங்கிக்கொண்டே உழைத்து வந்த பெண்களின் அனுபவங்களை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு, 1990-களின் இறுதியில் இவ்வமைப்பு வெளியிட்டது. மருத்துவப் புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் நோய், ஒரு கூலிப் பெண்ணின் நாளில் எவ்வாறு விரிகிறது என்பதை அவ்வாராய்ச்சி காட்டிற்று.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்பது நம் வழக்கு. குளிர்ந்த நீரில் கை வைக்காதே, குடம் தூக்காதே என்று பாட்டிமார் தடுப்பார்கள். பாரம் தூக்கக் கூடாது என்னும் அவ்விதி இடுப்புத் தளத்துக்கு இயைந்ததே. காயமுற்ற தசைக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அன்றாடம் கூலிக்குப் போகிறவளுக்கு அந்த ஓய்வு எங்கே? புதுக்கோட்டைச் சீமை மழையையும் கண்மாயையும் நம்பிய வானம் பார்த்த பூமி. கோடையில் குடிநீருக்கு நெடுந்தொலைவு நடந்தவர்கள் பெண்கள். பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடம் நிறைந்தால் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். கல்லுடைக்கும் இடங்களிலும் பெண்கள் சுமை தூக்கினார்கள். அச்சுமை தலையில் ஏறினாலும், அதைத் தூக்கி ஏற்றும்போதெல்லாம் அழுத்தம் இறங்குவது இடுப்புத் தளத்தின்மேல்தான்.

1991-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பல்லாயிரம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். நீர்க்குடங்கள் தலையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இறங்கி மிதிவண்டியில் தொங்கின. அவ்வியக்கம் மருத்துவத்துக்காக எழுந்ததன்று. ஆயினும், பெண்ணின் சுமையைச் சக்கரத்தின்மேல் ஏற்றிய எந்தச் செயலும் அவள் உடலுக்குச் செய்த உதவியே. வீட்டுக்கு அருகில் ஒரு குழாய், புகையில்லாத அடுப்பு, பேறுகாலத்தில் கூலி இழக்காமல் ஓய்வு ஆகிய இவையும் இந்நோய்க்கு மருந்துகள்தாம்.

மாணவ நண்பர்களே, முத்துலட்சுமி என்னும் ஒரு பெண் கல்லூரியில் நுழைவதற்கே மன்னரின் அனுமதி வேண்டியிருந்த புதுக்கோட்டையில், 2017-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. உங்களுள் சிலர் நாளை மருத்துவர்களாவீர்கள். சிலர் செவிலியராகவும் உடலியக்கப் பயிற்சியாளராகவும் ஆவீர்கள். நோயாளி வாய் திறந்து சொல்லும்வரை காத்திராமல், இருமும்போது கசிவு உண்டா, அடிவயிறு கனக்கிறதா என்று நீங்களே தாழ்ந்த குரலில், முகம் சுளிக்காமல் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகப் பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்கள் உண்டு.

மருத்துவராகாதவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இது வயதானால் வருவதுதான், பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்க வேண்டியதுதான் என்று வீட்டில் யாரேனும் சொன்னால், இல்லை, இது ஒரு தசையின் நலிவு. இதற்குப் பயிற்சி உண்டு, சிகிச்சை உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். குடத்தை நீங்கள் வாங்கிச் சுமந்துகொண்டே அதைச் சொன்னால் இன்னும் நன்றாயிருக்கும்.